தம்பியின் பவர் சேருக்கு சென்சார் வைக்கலாமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நிலைப்படி:
வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 19 வயது, டுஷேன் தசைச்சிதைவு, தசை போகப் போகப் பலம் இழக்கும் நோய். பதின்மூன்று வயதிலிருந்து பவர் சேர்தான் (பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி), நன்றாகவே ஓட்டுவான். ஆனால் கடந்த ஒரு வருடமாக நிலைக்கதவு எல்லாம் அடி வாங்குகிறது. காலையில் பரவாயில்லை, மாலையானால் கை சோர்ந்துவிடும். போன மாதம் நாற்காலியின் கால்மிதி (பாதம் வைக்கும் பலகை) கதவில் மாட்டி, கட்டை விரல் நசுங்கி, மூன்று வாரம் ஷூ போட முடியவில்லை. இரவில் தண்ணீர் குடிக்கப் போக வேண்டுமென்றால் கூட என்னை எழுப்புகிறான். அது எனக்குக் கஷ்டமில்லை, அவனுக்குத்தான் கஷ்டம்.

இந்த நேரத்தில் அப்பா ஒரு வீடியோ பார்த்துவிட்டார். நாற்காலி சுவரைப் பார்த்ததும் தானே நிற்கிறது, கதவுக்குள் தானே நுழைகிறது. அன்றிலிருந்து வீட்டில் அதே பேச்சு. தம்பியோ "நான் என்ன பார்சலா, ஏற்றி அனுப்புவதற்கு" என்று கோபித்துக்கொள்கிறான்.

என் கேள்வி மூன்று. இந்த ஸ்மார்ட் சமாச்சாரம் தினசரி வாழ்க்கையில் உண்மையிலேயே வேலை செய்கிறதா? இப்போதிருக்கும் நாற்காலியிலேயே பொருத்த முடியுமா? குரலால் ஓட்டுவது எப்படி? விற்பவர்கள் சொல்வதைக் கேட்டாகிவிட்டது, உட்கார்ந்து ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

சி5 ஓட்டுநர்:
தங்கச்சி, எனக்குக் கழுத்தில் சி5 காயம், அதாவது தண்டுவடத்தில் ஐந்தாவது கழுத்துக் கணுவில் அடி. பதினான்கு வருடமாக ஜாய்ஸ்டிக்கை (ஓட்டும் குச்சியை) தாடையால் தள்ளித்தான் ஓட்டுகிறேன். இரண்டு வருடமாகப் பின்பக்கம் சென்சார் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

முதலில், ஸ்மார்ட் என்று விற்பதில் மூன்று ரகம். ஒன்று, எச்சரிக்கை மட்டும் செய்யும். பின்னால் ஏதோ இருக்கிறது என்று விளக்கு எரியும், பீப் அடிக்கும் அல்லது அதிரும், ஆனால் ஓட்டத்தைத் தொடாது. டொரான்டோவின் பிரேஸ் மொபிலிட்டி செய்வது அந்த ரகம். இரண்டாவது, நீங்கள் ஓட்டுவீர்கள், ஆபத்து வந்தால் அது வேகத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். அமெரிக்காவில் 2020-இல் வந்த லூசி அப்படி (பெயரைச் சொன்னதும் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், என்ன செய்வது). அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பாட்டெழுதுபவர், தன் மகளின் நாற்காலி பாதுகாப்பாக ஓட வேண்டுமென்று ஆரம்பித்த வேலை அது. மூன்றாவது, இடத்தைச் சொன்னால் தானே கொண்டுபோய் விடும். உங்கள் அப்பா பார்த்த வீடியோ அதுவாக இருக்கும். அது வீடியோவில்தான் அதிகம் ஓடுகிறது.

எனக்குக் கழுத்து திரும்பாது. பின்னால் எடுப்பது என்றால் முதல் பன்னிரண்டு வருடமும் சாமி மேல் பாரத்தைப் போட்டுத்தான் எடுத்தேன். அதிலும் பூனை வளர்க்கும் வீடு. இப்போது பின்னால் பீப் வந்தால் நிறுத்துகிறேன், அவ்வளவுதான். பெரிய மாயம் ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஒரு பீப்புக்காக மட்டும் அதைக் கழற்றவே விட மாட்டேன்.

முன்பக்கம் நிறுத்தும் ரகமும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதத்தில் கழற்றச் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு மேசைக்குக் கீழே முழங்காலை நுழைக்க வேண்டும், அது மேசையைத் தடையென்று நினைத்து நின்றுவிடும். சாப்பாடு எதிரே, நான் ஒரு அடி தள்ளி.

பழுதுபார்ப்பவன்:
நான் இந்த நாற்காலிகளைப் பிரித்து மாட்டும் தொழிலில் இருப்பவன். சென்சாருக்குப் போகும் முன் ஒரு கேள்வி. தம்பியின் நாற்காலி புரோகிராமை, அதாவது அது எப்படி ஓட வேண்டும் என்று உள்ளே வைத்த எண்களை, கடைசியாக எப்போது மாற்றினார்கள்? கையில் வந்த அன்றைக்கு இருந்ததேதான் இப்போதும் ஓடுகிறதா?

நிலைப்படி:
மாற்றியதே இல்லை அண்ணா. மாற்ற முடியும் என்பதே இப்போதுதான் தெரிகிறது. டயரும் பேட்டரியும் மட்டும் மாற்றியிருக்கிறோம்.

பழுதுபார்ப்பவன்:
நினைத்தேன். பதின்மூன்று வயதுக் கைக்கு வைத்த அளவில் பத்தொன்பது வயதுக் கை ஓட்டுகிறது. சாதாரணமாகக் கை பலம் கூடுகிற வயது, இவருக்குக் குறைகிறது. நாற்காலிக்கு அது தெரியாது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். ஜாய்ஸ்டிக்கைக் கடைசி வரை தள்ளினால்தான் முழு வேகம் என்பது வெறும் ஒரு எண். பாதி தள்ளினாலே முழு வேகம் என்று வைக்கலாம். இடப்பக்கம் விரல் எட்டவில்லையா, இடப்பக்கத்துக்கு மட்டும் இன்னும் குறைக்கலாம், கன்ட்ரோலர் (மோட்டாரை ஆளும் பெட்டி) அதை அனுமதிக்கும் ரகமாக இருந்தால். திரும்பும் வேகம் தனி எண், திரும்ப ஆரம்பிக்கும் சுறுசுறுப்பு தனி எண், நிற்கும்போது எவ்வளவு சீக்கிரம் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. நடுக்கம் தணிக்க ஒன்று உண்டு, கை உதறினாலும் வண்டி உதறாது. அதை அதிகம் வைத்துவிட்டால் வண்டி மந்தமாகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். கதவில் இடிப்பவர்களில் நான் பார்த்த பாதிப் பேருக்குத் திரும்பும் வேகம் அதிகமாக இருக்கும். சும்மா ஒரு நூல் தொட்டால் மூக்கு முழுவதும் திரும்பிவிடும், அதைச் சரிசெய்ய மறுபக்கம் தள்ளுவார்கள், அது அந்தப் பக்கம் போய் நிலையில் முட்டும்.

கணக்கும் பாருங்கள். கதவு 80 செ.மீ., நாற்காலி 65 செ.மீ. என்றால் பக்கத்துக்கு 7 செ.மீ. சொச்சம்தான் மிச்சம். அந்த இடைவெளியில் சென்சார் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் தடை என்று கத்தும். வாசலில் நின்றுவிடும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. இந்த எண்களை மாற்றும் கருவியும் கடவுச்சொல்லும் விற்றவரிடம்தான் இருக்கும், ஒரு சின்ன மாற்றத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2022-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. பவர் சேர் தயாரிப்பவர்கள் உதிரி பாகம், மென்பொருள், கையேடு எல்லாவற்றையும் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று. 2023 ஜனவரியிலிருந்து நடைமுறை. மற்ற பல இடங்களில் எங்களைப் போன்றவர்கள் கெஞ்சிக்கொண்டுதான் இருக்கிறோம்.

துணைக்கை:
பழுதுபார்ப்பவன் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய உதவும் சிகிச்சையாளர்), என் பங்குக்கு உட்காருவதைப் பற்றி ஒரு வார்த்தை.

"காலையில் பரவாயில்லை, மாலையானால் இடிக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது. கை மட்டும் சோர்வதில்லை. முதுகைப் பிடிக்கும் தசை சோர்ந்து, உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, தோள் இறங்கி, கை ஜாய்ஸ்டிக்கிலிருந்து இரண்டு விரற்கடை நழுவியிருக்கும். காலையில் "நேராக" என்று தள்ளியது மாலையில் கோணலாகத் தள்ளுகிறது. மாலை ஐந்து மணிக்கு அவர் உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று ஒரு போட்டோ எடுத்து, காலை போட்டோவோடு வைத்துப் பாருங்கள். தெரபிஸ்டிடம் போகும்போது அந்த இரண்டையும் கொண்டுபோங்கள், நாங்கள் எப்போதும் காலையில்தான் பார்ப்போம், எங்களுக்கு எல்லோரும் நன்றாகவே ஓட்டுவார்கள்.

அப்புறம், ஜாய்ஸ்டிக்கைக் கைப்பிடியின் ஓரத்திலேயே வைக்க வேண்டும் என்று விதி ஒன்றுமில்லை. நடுவில், மடிக்கு மேலே வைக்கலாம். மினி ஜாய்ஸ்டிக் என்று ஒன்று உண்டு, விரல் நுனியால் தொட்டாலே போதும், சில கிராம் விசைதான் கேட்கும். தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு விரல் அசைவு கடைசி வரை ஓரளவு நிற்பது வழக்கம். தோள் போன பிறகும் நுனி விரல் ஓட்டும்.

இதெல்லாம் செய்தும் முடியாதவர்கள் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டில் ஃபேர், லாங்பைன், ஸ்கார் மூவரும் 200 மருத்துவப் பணியாளர்களிடம் கேட்டு எழுதிய ஆய்வை எங்கள் துறையில் இன்றும் எடுத்துச் சொல்வார்கள். பவர் சேர் பயிற்சி பெற்றவர்களில் சுமார் 10% பேருக்கு அதை அன்றாட வாழ்க்கையில் ஓட்டுவது மிகக் கடினம் அல்லது முடியவே முடியாது. திருப்புவது, இடுக்கில் நுழைவது என்று மட்டும் கேட்டால் அது 40% ஆகிறது. ஸ்மார்ட் நாற்காலி என்ற எண்ணமே அவர்களை முன்னிட்டுத்தான் வளர்ந்தது. உங்கள் தம்பி அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

லிடார் பையன்:
எல்லோரும் பழைய ஜாய்ஸ்டிக்கையே சுற்றிச் சுற்றி வருகிறீர்களே! நான் ரோபோட்டிக்ஸ் படிக்கிறேன், இந்தத் துறையில்தான் புராஜெக்ட். 1990-களிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நேவ்சேர் என்று ஒன்று செய்தார்கள், 12 அல்ட்ராசோனிக் சென்சார். வாசலில் நிற்கும் பிரச்சினை அப்போதே தெரியும், அதனால்தான் தடை விலக, கதவு நுழைய, சுவரையொட்டிப் போக என்று மூன்று விதமான ஓட்டம் வைத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சேத் டெல்லர், நிக்கோலஸ் ராய் குழு செய்த நாற்காலியை ஒரு முறை வீடு முழுக்கச் சுற்றிக் காட்டி இது சமையலறை, இது என் அறை என்று சொல்லிக் கொடுத்தால் போதும், அப்புறம் வாயால் சொன்னால் கூட்டிப்போகும். 2020-இல் டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் வில் நிறுவனத்தின் நாற்காலிகள் பயணிகளைத் தாமே விமானம் ஏறும் வாசல் வரை கொண்டுபோய் விட ஆரம்பித்தன, இறங்கியதும் தாமே திரும்பி வந்துவிடும்.

மூளை அலை வேறு இருக்கிறது. 2022-இல் வந்த ஆய்வு, கைகால் செயலிழந்த மூன்று பேர், தலையில் மூளை அலையைப் படிக்கும் தொப்பி மட்டும், அறுவை சிகிச்சை இல்லை. இரண்டு கைகளையும் அசைப்பதாக நினைத்தால் ஒரு பக்கம் திரும்பும், இரண்டு கால்களையும் என்றால் மறுபக்கம். சாமான் நிறைந்த அறையில் ஓட்டினார்கள். இன்னும் சில வருடத்தில் ஜாய்ஸ்டிக்கே இருக்காது.

சி5 ஓட்டுநர்:
தம்பி, "இன்னும் சில வருடத்தில்" என்பதை எனக்கு அடிபட்ட வருடமே ஆஸ்பத்திரியில் ஒருவர் சொன்னார். கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். தலைமுடி நரைத்துவிட்டது.

கோபப்படாதே, படிப்பவனைக் குறைசொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று பேரும் எத்தனை மாதம் பயிற்சி எடுத்தார்கள், தொப்பியை மாட்ட யார் வந்தார்கள், தலை அரித்தால் என்ன ஆகும் என்றெல்லாம் நாங்கள் கேட்போம். விமான நிலையம் வழவழ தரை, அகலமான வழி. எங்கள் வீட்டில் மிதியடி, செருப்பு, பேரனின் லாரி.

லிடார் பையன்:
அண்ணா நியாயம். பயிற்சி மாதக்கணக்கில்தான் ஆனது. சரி, விற்பவர்கள் சொல்லாததை நானே சொல்கிறேன், லேபில் தினமும் இதோடுதான் மல்லுக்கட்டு.

அல்ட்ராசோனிக் என்பது வௌவால் கதைதான், ஒலியை அனுப்பி எதிரொலி வர ஆகும் நேரத்தை எண்ணும். திரைச்சீலை, சோபா போல மெத்தென்று இருந்தால் ஒலியை விழுங்கிவிடும். வழவழப்பான சுவர் சாய்வாக இருந்தால் எதிரொலி வேறு பக்கம் போய்விடும், சுவரே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். மேசைக்கால், நாற்காலிக்கால் மாதிரி மெல்லியவை சில சமயம் தப்பும். லேசரை வைத்து அளக்கும் லிடார் துல்லியம், ஆனால் கண்ணாடிக் கதவை ஊடுருவிப் பார்த்துவிடும். ஒரே மட்டத்தில் வெட்டிப் பார்க்கும் ரகமாக இருந்தால் முழங்கால் உயரத்தில் எல்லாம் காலி என்று சொல்லும், மேசைப்பலகை மார்பில் வந்து இடிக்கும். ஆழம் அளக்கும் கேமராக்களில் பலவற்றுக்கு வெயில் ஆகாது. அதனால் இரண்டு மூன்று வகையைச் சேர்த்துத்தான் வைப்பார்கள், ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும் என்ற நம்பிக்கை.

ரொம்ப முக்கியமானது பள்ளம். சுவரில் மெதுவாக இடித்தால் பெயின்ட் போகும், படிக்கட்டில் இறங்கினால் ஆளே போகலாம். ஆளோடு சேர்த்து 200 கிலோவுக்குக் கிட்ட வரும் வண்டி. கீழே தரை இல்லை என்று கண்டுபிடிக்கும் சென்சார் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சுவர் பார்ப்பது அப்புறம். அப்புறம் நிறுத்தும் விதம். 6 கி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 1.6 மீட்டருக்கு மேல் போகிறது. சட்டென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், உடம்பைப் பிடிக்க முடியாதவர் முன்னால் சரிந்துவிடுவார். நல்லது எதுவென்றால் தூரத்திலேயே படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவது.

சி5 ஓட்டுநர்:
இப்படிப் பேசு. இது போதும்.

குரலைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. ஆறு மாதம் வைத்திருந்தேன். டிவியை மாற்ற, விளக்கு போட நன்றாக இருக்கும். ஓட்டுவதற்கு வேண்டாம். இருமல் வரும்போது "நில்" என்று சொல்ல வராது. கண்ணால் ஓட்டுவதற்கும் இதே மாதிரி ஒரு தொல்லை, எதைப் பார்த்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளும். தெருவில் தெரிந்தவரைப் பார்த்துச் சிரித்தால் அவர் மேலேயே போய் ஏறும்.

சின்னச்சக்கரம்:
இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். என் மகளுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம். எங்கள் கதை உங்களுக்கு நேர் எதிர். தம்பி ஓட்டத் தெரிந்து கை போகிறவர், இவள் ஓட்டவே தெரியாமல் ஆரம்பித்தவள்.

"முதலில் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் நாற்காலி தருகிறோம்" என்றார்கள். நாற்காலி இல்லாமல் எப்படிக் கற்றுக்கொள்வது? தண்ணீரில் இறங்காமல் நீச்சல் கற்றுக்கொள்ளச் சொன்ன கதை. பிறகு ஒரு தெரபிஸ்ட் மூலமாகத்தான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1987-இல் தொடங்கிய வேலையைப் பற்றித் தெரிந்தது. அங்கே கால் சென்டர் (CALL Centre, போன் எடுக்கும் இடமில்லை) என்ற இடத்தில் குழந்தைகளுக்காகவே ஒரு ஸ்மார்ட் நாற்காலி செய்தார்கள். தரையில் ஒட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு தானே போகும். எதன் மீதாவது முட்டினால் நின்று, பின்வாங்கி, திரும்பிக்கொள்ளும். குழந்தை ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பழகப் பழக ஒவ்வொரு உதவியாக எடுத்துவிடுவார்கள், கடைசியில் குழந்தையே முழுக்க ஓட்டும். இரண்டு வயதுக் குழந்தைகள் கூடப் பவர் சேர் பழகியதை 1980-களிலேயே எழுதியிருக்கிறார்களாம்.

எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லை, முட்டினால் நிற்கும் பம்பரும் ஒரு பொத்தானும்தான். முதல் நாள் அவள் பொத்தானை அழுத்தி, நகர்ந்து, விட்டு, நின்று, என்னைப் பார்த்தாள். அதுவரை எங்கே வைத்தோமோ அங்கேதான் இருப்பாள். அன்று முதல் முறையாக என்னை விட்டு விலகிப் போனாள். கூப்பிட்டால் வரவில்லை. இப்போது திட்டு வாங்கும் அளவுக்கு ஓடுகிறாள்.

நிலைப்படியின் தம்பி:
அக்கா என்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருப்பது இன்றுதான் தெரிந்தது. நானே எழுதுகிறேன், திரையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதால் தாமதமாகும்.

எனக்கு ஓட்டத் தெரியும். இடிப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் எல்லோரும் பேசுவது நாற்காலி எப்படி ஓட வேண்டும் என்று. எனக்கு வேண்டியது மூன்று. இரவில் அக்காவை எழுப்பாமல் சமையலறை போய்வர வேண்டும். பின்னால் எடுக்கும்போது யார் காலிலும் ஏறக் கூடாது. நான் வேண்டுமென்றே ஒன்றின் மீது மோத நினைத்தால் மோத வேண்டும். சிரிக்காதீர்கள், பாதி சாத்திய கதவை நான் கால்மிதியால் தள்ளித்தான் திறக்கிறேன். சென்சார் அதைச் சுவர் என்று நினைத்து நிறுத்திவிட்டால் நான் அறைக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. அந்த விற்பனையாளர் அம்மாவிடம் தனியாகச் சொன்னார், மகன் எங்கே போகிறான், சாய்ந்தானா, பேட்டரி எவ்வளவு எல்லாம் உங்கள் போனில் வரும் என்று. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு 19 வயது.

இடப்பக்கம்:
தம்பி, உன் கோபம் புரிகிறது, ஆனால் எல்லோரும் உன்னைப் போல் இல்லை. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. கண் தெரிகிறது, மூளை எடுத்துக்கொள்வதில்லை. தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பசிக்கிறது என்பார். பவர் சேர் கொடுத்தால் இடப்பக்கம் இருக்கும் அனைத்தையும் இடிப்பார், இடித்ததே தெரியாது. இருந்த பராமரிப்பு இல்லத்தில் இரண்டு பேர் காலில் ஏற்றிவிட்டார், நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதன்பின் யாராவது தள்ளினால்தான் ஜன்னலுக்கே போக முடியும். மூன்று மாதத்தில் ஆள் பாதியானார்.

அவருக்கு நிறுத்தும் சென்சார் போட்டதால்தான் நாற்காலி திரும்பக் கிடைத்தது. இடப்பக்கம் நெருங்கினால் குறைந்து நிற்கும், இடது கைப்பிடி அதிரும். மறதி உள்ள முதியவர்களுக்காக டொரான்டோவில் இதே மாதிரி ஆய்வு நடந்தது, நாற்காலி நிறுத்துவதோடு எந்தப் பக்கம் திரும்பு என்று வாயாலும் சொல்லும். அப்பாவுக்கு வாயால் சொல்வது பிடிக்கவில்லை. "யார்றா அது பின்னால் உட்கார்ந்து ஓட்டுவது" என்று கத்தினார். அதிர்வு மட்டும் போதுமென்று விட்டோம்.

போனில் செய்தி வருவது எங்களுக்கு உதவியது. ஒரு முறை சாய்தளத்தில் சரிந்தபோது அதனால்தான் ஓடினோம்.

துணைக்கை:
இரண்டும் சரிதான், ஆள் வேறு. யாருக்குச் செய்தி போக வேண்டும் என்பதை ஓட்டுகிறவர் முடிவு செய்யக்கூடிய நிலையில் இருந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். நிலைப்படி, வாங்கும் முன் எழுத்தில் கேளுங்கள்: இருப்பிடத் தகவலை அணைக்க முடியுமா, யார் அணைக்கலாம், அணைத்தால் மற்றது எல்லாம் ஓடுமா? சாய்ந்தால் மட்டும் செய்தி, மற்றது வேண்டாம் என்று வைக்க முடிந்தால் அம்மாவும் மகனும் ஒரே வீட்டில் பேசிக்கொள்வார்கள்.

பழுதுபார்ப்பவன்:
தம்பி கேட்ட "வேண்டுமென்றே மோத" விஷயம் சிரிக்கிற விஷயமே இல்லை. சென்சாரைத் தற்காலிகமாக அமுக்கி வைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும், அந்தப் பொத்தான் ஓட்டுகிறவருக்கு எட்ட வேண்டும். நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். யாருக்காக வைத்தார்கள்?

இந்த மாதிரி அமைப்பு பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் உட்காரும். அது செத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். சிலது வழிவிட்டு சாதாரண நாற்காலியாக ஓடும், சிலது மொத்தமாகப் படுத்துவிடும். படுத்தால் மோட்டாரில் காந்த பிரேக் பிடித்துக்கொள்ளும், நெம்புகோலை விடுவித்தால்தான் தள்ள முடியும். அந்த நெம்புகோல் எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள், இன்றே.

கம்பெனி நாளைக்கு இருக்குமா என்பதும் உண்டு. ஐபாட் என்று ஒரு நாற்காலி, பாட்டு கேட்பது இல்லை, டீன் கேமன் கண்டுபிடித்தது. இரண்டு சக்கரத்தில் எழுந்து நிற்கும், படி ஏறும், 2003-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. 2009-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். வைத்திருந்தவர்கள் பாகம் கிடைக்காமல் தவித்தார்கள். வேறு கம்பெனி எடுத்து மறுபடி வர பத்து வருடம் ஆனது.

பேட்டரியையும் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இரண்டு சேர்த்து 24. வயதான பேட்டரியில் சென்சாரும் கேமராவும் ஏறினால் மாலையில் இன்னும் சீக்கிரம் இறங்கும். லித்தியம் போட்டு விமானம் ஏறுவதாக இருந்தால், கழற்றும் ரகத்துக்கு 300 வாட்-அவர் வரைதான், முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் சொல்லுங்கள்.

நிலைப்படி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, அப்பாவுக்கு முழு இழையையும் படித்துக் காட்டினேன், கண்ணாடிக் கதவு பகுதியை இரண்டு முறை.

காலை, மாலை போட்டோ எடுத்தோம். துணைக்கை அக்கா சொன்னது அச்சு அசல். மாலையில் வலப்பக்கம் ஒரு சாண் சாய்ந்திருக்கிறான், நாங்கள் தினமும் பார்ப்பதால் தெரியவே இல்லை. தெரபிஸ்ட் பக்கவாட்டுத் தாங்கியை மாற்றினார், மினி ஜாய்ஸ்டிக்கை நடுவில் வைத்தார்கள், முன்கைக்கு ஒரு தொட்டி மாதிரி. புரோகிராமும் மாற்றியாகிவிட்டது, திரும்பும் வேகத்தை முன்பிருந்ததில் பாதி அளவுக்கும் கீழே இறக்கினார்கள். இதற்கே பத்து நாள் போராட வேண்டியிருந்தது, யாரிடம் என்பதை விடுங்கள்.

சென்சாரும் பத்து நாள் வைத்துப் பார்த்தோம். பின்பக்க எச்சரிக்கை அவனுக்கே பிடித்துவிட்டது, அதை வைத்துக்கொள்கிறோம். முன்பக்கம் நிறுத்துவதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். கண்ணாடிக்கு நிற்கவில்லை, அம்மாவின் புடவை கொடியில் காய்ந்ததற்கு நின்றது. ஆனால் கை இன்னும் சோரும் காலம் வரும், அப்போது மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று தெரபிஸ்ட் சொன்னார். தம்பியும் சரி என்றான், "நான் கேட்கும்போது" என்று ஒரு வார்த்தை சேர்த்து.

நேற்று காலை சமையலறையில் ஒரு டம்ளர் கழுவாமல் இருந்தது. நான் எழுந்திருக்கவே இல்லை.

சி5 ஓட்டுநர்:
டம்ளரைக் கழுவி வைக்கச் சொல். ஓட்டத் தெரிந்தவனுக்குச் சலுகை கிடையாது.

நிலைப்படியின் தம்பி:
கழுவ எட்டாது அண்ணா, நல்ல சாக்கு.

பழுதுபார்ப்பவன் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. வேக அளவு 5-இல் விட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் 2-இல் இருக்கிறது. தானாகக் குறையுமா? கூட்டும் பொத்தானுக்கு என் விரல் போகாது, ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்க வேண்டியிருக்கிறது.

பழுதுபார்ப்பவன்:
பெரும்பாலும் தானாகக் குறையாது தம்பி. வீட்டில் விசாரியுங்கள்.

ஜாய்ஸ்டிக் பெட்டியின் அடியில் சின்ன ஓட்டை இருக்கிறதா பாருங்கள், ஹெட்போன் மாட்டுவது போல, 3.5 மி.மீ. பல மாடலில் உண்டு. அதில் வெளியே ஒரு பெரிய பொத்தானை மாட்டித் தலைப்பக்கமோ முழங்கைப் பக்கமோ வைக்கலாம், மோட் மாற்ற, வேகம் மாற்ற. மாடல் எண்ணை எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

நிலைப்படி:
அம்மாதான். ஒப்புக்கொண்டுவிட்டார். மாடல் எண் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் அண்ணா.